குதிகால் ஏன் தரையைத் தொடவில்லை? பெருமூளை வாதமுள்ள குழந்தைகளின் கால் தசைகளைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெருமூளை வாதம் உள்ள ஒரு குழந்தை குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்திலேயே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சிருக்கு." அது சரியாக இருக்கலாம், பாதி சரியாக இருக்கலாம், முழுத் தவறாகவும் இருக்கலாம். நரம்பின் தூண்டுதலால் தசை இழுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது தசை நிஜமாகவே நீளம் குறைந்து போயிருக்கலாம். கணுக்காலில் எந்தக் கோளாறும் இல்லாமல், முழங்கால் மடங்கியே இருப்பதால் குதிகால் தரைக்கு எட்டாமலும் இருக்கலாம். முதலாவதற்கு ஊசி உதவும். இரண்டாவதற்கு மாவுக்கட்டோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். மூன்றாவதில் கெண்டைக்கால் தசையில் கை வைத்தால் நடை இன்னும் கெட்டுப்போகும்.

சிகிச்சைகளின் பெயர்களைப் பெற்றோர் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். "போடாக்ஸ் ஊசி போடலாமா, ஆபரேஷன் செய்யலாமா" என்று கேட்கிறார்கள். "எந்தத் தசை, எதனால் இப்படி ஆனது" என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

காயம் மூளையில், மாற்றம் காலில்

கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்து சில காலத்துக்குள்ளோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளை பாதிக்கப்படுவதால் வரும் அசைவுக் கோளாறே பெருமூளை வாதம். 1861-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், சிக்கலான பிரசவங்களுக்கும் குழந்தைகளின் கால் விறைப்புக்கும் உள்ள தொடர்பை விரிவாக எடுத்துச் சொன்னார். வெகுகாலம் இதை 'லிட்டில் நோய்' என்றே அழைத்தார்கள். மூளையில் உண்டான காயம் அத்தோடு நின்றுவிடும், நாளாக நாளாகப் பெருகாது.

கால் அப்படி நிற்பதில்லை. எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதற்கு ஈடுகொடுத்துத் தசையும் நீண்டாக வேண்டும். ஓடியாடும் குழந்தையின் தசை நாள் முழுக்க நீட்டப்பட்டுத் தளர்த்தப்பட்டு, அந்த வேலையிலேயே வளர்கிறது. விறைத்த, பலம் குறைந்த, குறைவாக அசையும் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. எலும்பு முன்னே போகிறது, தசை பின்தங்குகிறது. 3 வயதில் தரையில் நன்றாகப் படிந்த குதிகால் 8 வயதில் மேலே தூக்கிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். மூளைப் பாதிப்பு அதிகமாகிவிட்டதோ என்று பெற்றோர் பயப்படும் இடமும் இதுதான்.

ஆனால் குழந்தை கற்ற திறன்களைத் தொடர்ந்து இழந்துகொண்டே வந்தால், 'வளர்ச்சியால்தான்' என்று விட்டுவிடக் கூடாது. பெருமூளை வாதம் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. காலையில் நன்றாக நடந்து மாலைக்குள் தடுமாறும் குழந்தைக்கு டோபா மருந்துக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியா, அதாவது தசைகள் தானாக முறுக்கிக்கொள்ளும் கோளாறு, இருக்கலாம். அதற்குச் சிறிய அளவு மாத்திரையே பெரிய மாற்றத்தைத் தரும். முன்பாதத்தில் நடக்கும் சிறுவனின் கெண்டைக்கால் பருத்து, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுந்தால், தசைச் சிதைவு நோயா என்று பார்த்தாக வேண்டும்.

பாதிப்பு ஒருபக்கக் கை கால்களில் இருக்கலாம், இரு கால்களில் அதிகமாக இருக்கலாம், உடல் முழுக்க இருக்கலாம். சுமார் 80 சதவீதக் குழந்தைகளிடம் முக்கியமாகக் காணப்படுவது விறைப்பு. மற்றவர்களிடம் தானாக முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவோ, நெளியும் அசைவுகளோ, தள்ளாட்டமோ இருக்கும். பல குழந்தைகளிடம் இவை கலந்தே இருக்கின்றன.

எவ்வளவு பாதிப்பு என்பதைச் சொல்ல 1997-இல் ராபர்ட் பாலிசானோவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலை வகைப்பாடு இன்று உலகெங்கும் பயன்படுகிறது. முதல் நிலைக் குழந்தை பிடிமானம் இல்லாமல் நடக்கும், ஓடும். மூன்றாம் நிலையில் வாக்கர் போன்ற கைப்பிடிக் கருவியோடு நடக்கும். ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்தி வைப்பதற்கே ஆதரவு வேண்டும். இந்த எண்ணைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பின்னால் வரப்போகும் முடிவுகளில் பலவும் இதைப் பொறுத்தே அமைகின்றன.

விறைப்பு, குறுக்கம், பலவீனம்

ஒரே காலில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். குழப்பமே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விறைப்பு என்பது நரம்புச் சங்கதி. தசையை வேகமாக நீட்டினால் அது எதிர்த்துப் பிடித்துக்கொள்ளும், மெதுவாக நீட்டினால் விட்டுக்கொடுக்கும். கார் சீட் பெல்ட்டை மெல்ல இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும், அதே கதைதான். மூளையிலிருந்து வரவேண்டிய கட்டுப்பாடு குறைந்ததால் முதுகுத்தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் வரம்பு மீறுகிறது. தூங்கும்போது இது குறையும், மயக்க மருந்து கொடுத்தால் மறைந்துவிடும்.

குறுக்கம் அப்படி இல்லை. அது தசையின் கட்டமைப்பிலேயே நேர்ந்த மாற்றம். எவ்வளவு மெதுவாக நீட்டினாலும், மயக்கத்தில் ஆழ்த்தினாலும் மூட்டு ஓர் எல்லைக்கு மேல் நகராது. தசையின் மிகச்சிறு சுருங்கும் அலகுகளுக்கு சார்கோமியர் என்று பெயர். அறுவை சிகிச்சையின்போது எடுத்த தசைத் துணுக்குகளை ஆராய்ந்தவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். குறுகிப்போன தசையில் இந்த அலகுகள் எண்ணிக்கையில் குறைந்து, இருப்பவை ஒவ்வொன்றும் அளவுக்கு மீறி இழுபட்டு நிற்கின்றன. புதிய தசை நார்களை உருவாக்க உதவும் மூல செல்களும் குறைவாக இருந்தன. தசை வெளியிலிருந்து பார்க்கக் குட்டை, உள்ளே ஏற்கெனவே எல்லை வரை நீண்டுபோன அலகுகள். வெறுமனே பிடித்து இழுப்பதால் ஏன் பெரிய பலன் கிடைப்பதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது பலவீனம். இறுக்கமாக இருக்கும் தசை பலமான தசை என்று நினைப்பது இயல்பு, ஆனால் உண்மை நேர்மாறானது. விறைத்த தசை அளவில் சிறியது, உந்தும் சக்தி குறைந்தது. சில குழந்தைகள் அந்த விறைப்பையே முட்டுக்கொடுத்து நிற்கின்றன. விறைப்பை முழுவதும் எடுத்துவிட்டால் கால் துவண்டு உட்கார்ந்துவிடும். சிகிச்சைக்கு முன் இதைக் கணிக்காவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

இவற்றோடு, தசையைத் தனியாக இயக்கும் கட்டுப்பாடும் குறைந்திருக்கும். முழங்காலை நீட்டியபடியே பாதத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். பல குழந்தைகளால் முடியாது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் சேர்த்து மடக்கினால்தான் பாதம் மேலே வரும். இது சோம்பலோ பிடிவாதமோ கிடையாது, மூளையிலிருந்து தனித்தனிக் கட்டளை போகவில்லை. எந்த ஊசியாலும் எந்தக் கத்தியாலும் இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பரிசோதனை மேசையில்

நல்ல பரிசோதனைக்கு நேரம் பிடிக்கும். குழந்தை அழுதுகொண்டோ குளிரில் நடுங்கிக்கொண்டோ இருந்தால் விறைப்பு கூடும், அன்றைய அளவுகளை நம்ப முடியாது. அதனால் முதல் பத்து நிமிடத்தை விளையாட்டில் கழிக்கும் பிசியோதெரபிஸ்ட் நேரத்தை வீணடிக்கவில்லை.

கணுக்காலை எடுத்துக்கொள்வோம். குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறது. பரிசோதிப்பவர் ஒரு கையால் குதிகாலை உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடித்து, லேசாக உட்புறம் திருப்பிக்கொள்கிறார். அதன் பிறகே பாதத்தை மேல்நோக்கித் தள்ளுகிறார். அந்தச் சிறு திருப்பலில்தான் சூட்சுமம் இருக்கிறது. குதிகாலை அப்படிப் பூட்டாமல் விரல்பக்கமாகத் தள்ளினால் கணுக்கால் அசையாமல் பாதத்தின் நடுப்பகுதி வளைந்து கொடுக்கும். பார்ப்பவருக்குப் பாதம் நன்றாக மேலே வருவதுபோலத் தெரியும், குதிகால் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் செய்யும் பயிற்சியிலும் இதே பிழை நேர்கிறது. விரல்களைப் பிடித்துத் தள்ளத் தள்ள, நீள வேண்டிய தசை நீளாமல் உள்ளங்கால் வளைவுதான் தட்டையாகிறது.

அடுத்து வேகம். பிரெஞ்சு மருத்துவர் கீ தார்தியூ 1950-களில் தொடங்கிவைத்த முறை இது. முதலில் முடிந்தவரை மெதுவாகப் பாதத்தை மேலே கொண்டுபோய், எங்கே நிற்கிறது என்று கோணம் பார்ப்பார்கள். அது ஆர்2. பிறகு முடிந்தவரை வேகமாக அதே அசைவு. வழியில் சட்டென்று ஒரு பிடிப்பு தட்டுப்படும், அந்தக் கோணம் ஆர்1. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

ஒரு குழந்தைக்கு மெதுவாகச் செய்யும்போது பாதம் செங்கோணத்தைத் தாண்டி 10 டிகிரி மேலே வருகிறது, வேகமாகச் செய்யும்போது செங்கோணத்துக்கு 20 டிகிரி முன்பே பிடித்துக்கொள்கிறது. வித்தியாசம் 30 டிகிரி. நீளம் இருக்கிறது, விறைப்புதான் அதைப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. இன்னொரு குழந்தைக்கு மெதுவாகச் செய்தாலும் செங்கோணத்துக்கு 10 டிகிரி முன்பே நின்றுவிடுகிறது, வேகமாகச் செய்தால் 15 டிகிரி முன்பே. வித்தியாசம் 5 டிகிரிதான். இங்கே குறுக்கமே பிரதானம், விறைப்பைக் குறைத்தும் பெரிய லாபம் இல்லை. நடந்துவரும்போது இரு குழந்தைகளும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

பல மருத்துவமனைகளில் இதற்குப் பதிலாக ஆஷ்வொர்த் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1964-இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்காக உருவானது அது, 1987-இல் திருத்தப்பட்டது. 0-இலிருந்து 4 வரை மதிப்பெண், இடையில் 1+ ஒன்று. சட்டென்று போட்டுவிடலாம். ஆனால் ஒரே வேகத்தில் செய்யப்படுவதால் விறைப்பு எவ்வளவு, குறுக்கம் எவ்வளவு என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பது எனக்கு உவப்பானதாக இல்லை.

இன்னொரு நுட்பம் சுவீடன் மருத்துவர் நில்ஸ் சில்ஃப்வர்ஷோல்டின் பெயரால் வழங்கும் சோதனை. கெண்டைக்காலில் இரண்டு முக்கியத் தசைகள் உண்டு. மேலே இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலிருந்து புறப்படுகிறது, அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழிருந்து. முழங்காலை மடக்கினால் மேல் தசை தளர்ந்துவிடும். அப்போது பாதம் தாராளமாக மேலே வந்து, காலை நீட்டியதும் நின்றுவிட்டால், குற்றவாளி காஸ்ட்ராக்னீமியஸ் மட்டுமே. இரண்டு நிலையிலும் வராவிட்டால் சோலியஸும் குறுகியிருக்கிறது. நிமிர்ந்து நிற்க உதவும் சோலியஸை அநாவசியமாக நீட்டிவிடக் கூடாது என்பதால், அரை நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது.

பின்தொடைத் தசைக்கு, குழந்தை மல்லாந்திருக்க, தொடையைச் செங்குத்தாக நிறுத்தி முழங்காலை நீட்டிப் பார்ப்பார்கள். முழுதாக நீளாமல் எத்தனை டிகிரி பாக்கி இருக்கிறது என்பதே அளவு. பிறகு மறுகாலையும் மடக்கி இடுப்பெலும்பைச் சமநிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் அளப்பார்கள். முதலில் பாக்கி அதிகமாகவும் இரண்டாவது முறை கணிசமாகக் குறைந்தும் இருந்தால், பின்தொடைத் தசை உண்மையில் அவ்வளவு குட்டை இல்லை. இடுப்பெலும்பு முன்பக்கம் சாய்ந்து அதை இழுத்து வைத்திருக்கிறது. அந்தத் தசையை அறுத்து நீட்டினால் இடுப்பு மேலும் முன்னால் சாயும்.

இடுப்பை மடக்கும் தசைக்குத் தாமஸ் சோதனை. ஒரு முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடித்தால் மறுதொடை மேசையை விட்டுத் தானாக எழும்புகிறதா என்று பார்ப்பது. குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கும்போது பிட்டம் மேலெழும்பினால் முன்தொடைத் தசையில் இறுக்கம். அதே நிலையில் தொடை எலும்பின் முறுக்கத்தையும் பார்த்துவிடலாம். பிறக்கும்போது சுமார் 40 டிகிரி இருக்கும் இந்த முறுக்கம் பெரியவர்களில் சுமார் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். பெருமூளை வாதக் குழந்தைகளில் பலருக்கு இறங்குவதில்லை. முழங்கால்கள் உட்பக்கம் பார்த்தபடி, பாதங்கள் ஒன்றையொன்று இடித்தபடி நடப்பதற்குத் தசையைவிட எலும்பே காரணமாக இருக்கக்கூடும்.

கோனியோமீட்டர் வைத்து அளக்கும் கோணத்தில் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் 5 டிகிரிக்குக் குறையாமல் வேறுபாடு வரும். "போன மாசத்தைவிட 3 டிகிரி முன்னேற்றம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்.

நடக்கவிட்டுப் பார்த்தல்

மேசையில் அளந்தது ஒரு பாதி. வெறுங்காலோடு, அரைக்கால் சட்டையில், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நடக்கவிட்டு கைபேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே நிறையப் புரியும். கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கட்டும், குழந்தை வழக்கமாக நடக்கும் வேகத்திலேயே நடக்கட்டும்.

முழங்கால் நேராக, கணுக்கால் மட்டும் கீழே தொங்கினால் அது உண்மையான முன்பாத நடை. முழங்காலும் இடுப்பும் மடங்கியிருக்க, பாதம் காலோடு செங்கோணத்திலேயே இருந்தும் குதிகால் தரையைத் தொடவில்லை என்றால், முதல் பத்தியில் சொன்ன மூன்றாவது வகை அது. தோற்றத்துக்குத்தான் முன்பாத நடை. குழந்தை வளர்ந்து எடை கூடும்போது முழங்கால் இன்னும் மடங்கி, கணுக்கால் மேல்நோக்கி நசுங்கி, கூனிக் குந்தியபடி நடக்கும் நிலைக்குப் போகலாம். குந்து நடை என்று சொல்லலாம். அது வந்துவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் முன்தொடைத் தசை பாரம் சுமக்க வேண்டும். பதின்வயதில் முழங்கால் வலியும் சீக்கிரம் களைத்துப்போவதும் இதனால் வரும்.

வசதியுள்ள மையங்களில் உடலில் ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு குமிழ்களை ஒட்டி, பல கேமராக்களும் தரையில் விசைத் தகடுகளும் வைத்து முப்பரிமாண நடைப் பகுப்பாய்வு செய்கிறார்கள். காலில் பல இடங்களில் அறுவை செய்யும் திட்டம் இருந்தால் இது மிகவும் உதவும். ஊசி போடுவதற்கெல்லாம் தேவையில்லை.

வீட்டுக்குள் 5 மீட்டர், பள்ளியில் 50 மீட்டர், வெளியில் 500 மீட்டர் என மூன்று தூரங்களுக்கும் குழந்தை எதைப் பிடித்து நடக்கிறது என்று தனித்தனியாகக் குறிக்கும் அளவுகோல் ஒன்றும் உண்டு. எனக்கு அது பிடிக்கும், ஏனென்றால் அது டிகிரியைப் பேசாமல் வாழ்க்கையைப் பேசுகிறது. வீட்டில் சுவரைப் பிடித்து நடந்து, வெளியே சக்கர நாற்காலியில் போகும் குழந்தையை 'நடக்கும் குழந்தை' என்றோ 'நடக்காத குழந்தை' என்றோ ஒரே சொல்லில் அடைக்க முடியாது.

இடுப்பு மூட்டு: வலிக்கும் வரை காத்திருக்கக் கூடாது

உள்தொடைத் தசைகளும் இடுப்பை மடக்கும் தசையும் ஓயாமல் இழுத்தால் தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே நகரும். ஆரம்பத்தில் வலி இருக்காது, கையால் தொட்டும் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரே ஒன்றே வழி. எலும்புத் தலையில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்று அளப்பார்கள். 30 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஜி.எம்.எஃப்.சி.எஸ். முதல் நிலைக் குழந்தைகள் எவருக்கும் இந்த நகர்வு இல்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு இருந்தது. நடக்காத குழந்தைக்குக் கால் தசையைப் பற்றி என்ன கவலை என்று நினைப்பவர்களுக்கு இது பதில். தெற்கு சுவீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளையும் ஒழுங்காகக் கண்காணிக்கத் தொடங்கிய பிறகு இடுப்பு மூட்டு முழுதாக விலகுவது வெகுவாகக் குறைந்துபோனது. செய்தது பெரிய மாயம் ஒன்றுமில்லை, குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்து, தேவைப்பட்டால் உடனே தலையிட்டார்கள்.

என்ன செய்யலாம்

முதலில் வீட்டில் கையால் நீட்டும் பயிற்சி. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். தினமும் சில நிமிடம் கையால் இழுத்து நீட்டுவதை மட்டுமே செய்தால் மூட்டின் அசைவில் நீடித்த மாற்றம் வருவதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. குழந்தை அழ அழ அதைச் செய்து, ஒருநாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சியில் தவிக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தைக் குழந்தை தானே அசையும் வேலைக்குக் கொடுப்பது மேல். படியேறுதல், நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல், மூன்று சக்கர சைக்கிள், பிடித்த பொருளை எட்டி எடுத்தல் என்று குழந்தைக்கே வேண்டிய ஓர் இலக்கை வைத்து, அதையே திரும்பத் திரும்பப் பழக்குவது. பலப் பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடிவிடும் என்று ஒரு காலத்தில் தடுத்தார்கள். அது தவறு என்று தெளிவாகிவிட்டது.

கணுக்கால் உறை, அதாவது ஏ.எஃப்.ஓ., பல வகைப்படும். கணுக்காலில் கீல் உள்ளது, இல்லாதது, குந்து நடைக்காக முன்னங்காலை (முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தை) தாங்குவது என்று தேவைக்கேற்ப மாறும். கீல் வைத்த உறை பார்க்க நவீனமாக இருக்கலாம், ஆனால் குந்தி நடக்கும் குழந்தைக்கு அது முழங்காலை மேலும் மடங்க விடும். பாதம் செங்கோணத்துக்கே வராத குழந்தையைச் செங்கோண உறைக்குள் திணித்தால் குதிகால் உள்ளே மேலெழும்பும், அல்லது உள்ளங்கால் நடுவில் சரியும். கழற்றியதும் குதிகால் அடியில் அமர்ந்திருந்ததா, அரை மணி நேரம் ஆகியும் மறையாத சிவப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உறையைத் திருத்த வேண்டும், குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

குறுக்கம் லேசாக இருந்தால் தொடர் மாவுக்கட்டு. வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ கட்டை மாற்றி, ஒவ்வொரு முறையும் பாதத்தைச் சற்று மேலே கொண்டுவருவார்கள். தசை நாள் முழுக்க நீண்ட நிலையில் இருப்பதால், சில நிமிட இழுவையில் கிடைக்காதது இதில் ஓரளவு கிடைக்கிறது. கட்டைப் பிரித்தவுடன் கெண்டைக்கால் மெலிந்திருக்கும். அடுத்த நாளிலிருந்தே பலப் பயிற்சியும் உறையும் இல்லாவிட்டால் கிடைத்ததும் நழுவிப்போகும்.

போடாக்ஸ் என்று பெற்றோர் சொல்லும் போட்டுலினம் ஊசி 1993-இலிருந்து இந்தக் குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவருவதை இது தடுக்கிறது, தசை தளர்கிறது. சில நாட்களில் தெரியத் தொடங்கி, மூன்று நான்கு மாதங்கள் வரை நீடிக்கும். ஆர்1, ஆர்2 வித்தியாசம் அதிகமுள்ள தசைக்கே இது பொருந்தும், குறுகிய தசையை ஊசி நீட்டாது. அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டால் மருந்து சரியான தசைக்குள் போகும். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாகாது. அந்த மூன்று மாதத்தில் என்ன பயிற்சி, எந்த உறை என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். அடிக்கடி போடுவதில் இப்போது தயக்கம் கூடியிருக்கிறது, ஊசி போட்ட தசை மெலிவதை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். கடுமையான பாதிப்புள்ள, விழுங்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு மூச்சிலும் விழுங்குவதிலும் சிக்கல் வரும் ஆபத்தையும் யோசிக்க வேண்டும்.

விறைப்பு உடல் முழுக்க இருந்தால் ஒவ்வொரு தசையாக ஊசி போட்டு மாளாது. பேக்லோஃபென் மாத்திரை உண்டு, தூக்கக் கலக்கம் அதன் தொல்லை. விழுங்கும் மருந்தில் தண்டுவடத்துக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான் என்பதால், வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்பு வைத்து நேரே தண்டுவடத் திரவத்துக்கு அனுப்பும் முறையும் இருக்கிறது. மாத்திரையோ பம்போ, பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

தண்டுவடத்துக்குள் போகும் உணர்வு நரம்பு வேர் இழைகளைச் சோதித்து, அவற்றில் ஒரு பகுதியை வெட்டும் அறுவை சிகிச்சை 1980-களில் கேப்டவுனில் வார்விக் பீக்காக் என்ற மருத்துவரால் மறுவடிவம் பெற்றது. விறைப்பை நிரந்தரமாகக் குறைக்கும். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. குறைமாதத்தில் பிறந்து, இரு கால்களிலும் விறைப்பு மட்டுமே பிரதானமாக, காலில் போதிய பலத்தோடு இருக்கும் இளம் வயதுக் குழந்தைகளே ஏற்றவர்கள். டிஸ்டோனியா கலந்திருந்தால் பலன் ஏமாற்றும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, ஏற்கெனவே வந்துவிட்ட குறுக்கமும் இதனால் நீங்காது.

எலும்பு மருத்துவரின் அறுவை சிகிச்சை கடைசியில் வருகிறது, கூடுமானால் தாமதமாக. சின்ன வயதில் தசையை நீட்டினால் வளர்ச்சியில் மறுபடி குறுகும் வாய்ப்பு அதிகம். நடை ஒரு நிலைக்கு வரும் 6 வயதுக்குப் பிறகு, பல நேரங்களில் அதற்கும் பின்னர் செய்வதே வழக்கம். முன்பெல்லாம் ஒரு வருடம் குதிகால், அடுத்த வருடம் பின்தொடை, அதற்கடுத்து இடுப்பு என்று வரிசையாகச் செய்தார்கள். ஒவ்வொரு பிறந்தநாளையும் குழந்தை மருத்துவமனையில் கழித்தது. கனடாவில் பணியாற்றிய மெர்சர் ராங் என்ற எலும்பு மருத்துவர் இதற்கு 'பிறந்தநாள் நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார். இப்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் வேண்டிய திருத்தங்களைக் கணக்கிட்டு, முறுக்கிய எலும்பையும் சேர்த்து ஒரே தடவையில் முடிக்க முயல்கிறார்கள்.

அந்தப் பழைய முறையின் மிகக் கசப்பான பாடம் குதிகால் நாண், அதாவது இரு கெண்டைக்கால் தசைகளையும் குதிகாலோடு இணைக்கும் நாண். இரு கால்களும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, முழங்காலையும் இடுப்பையும் பார்க்காமல் குதிகால் நாணை மட்டும் தாராளமாக நீட்டினார்கள். சில மாதங்கள் குதிகால் அழகாகத் தரையில் பட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நீண்டுபோன சோலியஸுக்கு முன்னங்காலைப் பிடித்து நிறுத்தும் பலம் போய்விட்டிருந்தது. குழந்தை வளர வளர முழங்கால் மடங்கி, குந்து நடையில் போய் முடிந்தது. குறுகிய நாணை நீட்ட வழி உண்டு, அதிகமாக நீட்டிய நாணைச் சரிப்படுத்துவது மிகக் கடினம். அதனால்தான் மேல் தசையான காஸ்ட்ராக்னீமியஸின் சவ்வை மட்டும் தளர்த்தி, சோலியஸை விட்டுவைக்கும் அறுவை முறைகளை இப்போது அதிகம் நாடுகிறார்கள்.

பல இடங்களில் அறுவை செய்த பிறகு முதல் சில மாதங்கள் குழந்தை முன்னைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். இதை முன்பே சொல்லாவிட்டால் வீடு கலங்கிப்போகும். பழைய பலம் திரும்பவே ஒரு வருடம் பிடிக்கலாம், அதற்கப்பாலும் முன்னேற்றம் தொடரும். அந்தக் காலத்தில் பிசியோதெரபிக்கு வழியில்லை என்றால் அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பரிசோதனைக்குப் போகும்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு: ஜி.எம்.எஃப்.சி.எஸ். நிலை, முழங்கால் நீட்டியும் மடக்கியும் எடுத்த கணுக்கால் அளவுகள், ஆர்1-ஆர்2, இடுப்பு எக்ஸ்ரேயின் சதவீதமும் தேதியும், எந்தத் தசைக்கு எப்போது எவ்வளவு ஊசி போட்டார்கள் என்பது. ஆண்டுக்கு ஒன்றாக ஒரே இடத்தில் எடுத்த நடை வீடியோக்களும் கூட இருந்தால், மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும் புதிதாகப் பார்ப்பவர் முதல் நாளிலேயே பழைய காலோடு ஒப்பிட்டுப் பேச முடியும்.